உருளைக்கிழங்கு மட்டும் குடு, கண்ணு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிந்த நேரம். ஹவுஸ் ஓனர் அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினார். என் அடுப்பில் மாட்டுக்கறி இருந்தது.

இதை எழுதும்போதே உள்ளங்கை வேர்க்கிறது.

எந்த ஊர் என்று இந்த வாரம் சொல்லப்போவதில்லை. தர்மபுரி மாவட்டம். பாலக்கோட்டுப் பக்கமா, மொரப்பூர்ப் பக்கமா, காரிமங்கலமா... நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பயம்.

பயத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. நான் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி இன்ஜினியர். பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஒரு மெஷினைப் பார்த்தால் மற்றவர்களுக்கு அது என்ன செய்யும் என்று தோன்றும். எனக்கு அது என்னென்ன செய்துவிடும் என்று தோன்றும். எங்கே கை மாட்டும், எங்கே தீப்பிடிக்கும், எந்த வழியாக ஓடலாம் — மனசுக்குள் நம்பர் போட்டுக்கொண்டே போகும். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியைத் தேடுவதற்கு முன்னால் எமர்ஜென்சி எக்ஸிட்டைத் தேடுகிற ஆள் நான். என் கணவர் அருள் சிரிப்பார். சிரிக்கட்டும். யாராவது ஒருவர் பயந்துகொண்டிருந்தால்தான் மற்றவர்கள் நிம்மதியாகச் சிரிக்க முடியும்.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீடுகளில் மாட்டுக்கறி சாப்பிடுவோம். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்... சட்டம் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும். மாடிப்படி ஏறி வராது.

முன்பு குடியிருந்த வீட்டில் ஒரு ஞாயிறு மதியம், மாட்டுக்கறி வேக நேரமாகும் என்பதால், எங்கள் குக்கர் வழக்கத்தைவிட அதிகமாக விசில் அடித்தது. அந்த வாரமே அந்த ஹவுஸ் ஓனர் வந்து நின்றார். "பையனுக்குக் கல்யாணம் பேசறோமுங்க. வூடு வேணுமுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நாங்களும் மரியாதையாகவே காலி செய்தோம். அந்தப் பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் வேறு ஒரு குடும்பம் இருக்கிறது.

குக்கர்தான் காரணமா? தெரியாது. யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சொல்லாமல் விட்டதில்தான் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதனால் இந்த மாடி வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் ஏற்பாடுகள் செய்து வைத்திருந்தேன். கறி இந்த ஊரில் வாங்குவதில்லை. ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் அருள் பைக்கில் வேறு ஊருக்குப் போய், கருப்புக் கவரில் வாங்கி வருவார். வந்ததும் ஜன்னலைச் சாத்துவோம். குக்கரில் வைப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக — மசாலா. மிளகாய், மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு, இஞ்சி பூண்டு எல்லாவற்றையும் கொஞ்சம் தாராளமாகவே போடுவேன். அந்த வாசத்தில் உள்ளே இருப்பது ஆடா, மாடா, கோழியா என்று எந்த மூக்கும் சத்தியம் செய்ய முடியாது. மசாலா எங்களுக்கு ருசி மட்டும் இல்லை. திரை.

அந்த ஞாயிறு அருளுக்குப் பிறந்த நாள். அவர் டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறார். ஓய்வு நேரமெல்லாம் சமையல் வீடியோ. "ஸ்டேக் பண்ணிக் குடுப்பியா? கறியப் பெரிய துண்டா அப்படியே வாட்டறது. ஒரே கல்லு போதும். கறியும் உருளைக்கிழங்கும் ஒண்ணாவே வெந்துடுது. பாத்திரம் கழுவற வேலையே இல்ல" என்றார்.

பாத்திரம் கழுவுவது அவர் வேலை. ஆகவே ஆசையின் காரணம் எனக்குப் புரிந்தது.

செய்முறை சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே எளிது. கறிக்கடையில் அண்டர்கட் என்று கேட்டால் எலும்பில்லாத மெத்தென்ற பகுதியைக் கொடுப்பார்கள். விரல் தடிமனுக்கு மேல் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து முன்னாலேயே எடுத்து வைத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, உப்பும் பொடித்த மிளகும் தடவுங்கள். கனமான இரும்புக் கல்லில் எண்ணெய் விட்டு, தோலோடு பாதியாக நறுக்கிய சின்ன உருளைக்கிழங்குகளை நறுக்கிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, மூடி போட்டு வேகவிடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தீயைக் கூட்டி, நடுவில் கறியைப் போடுங்கள். அடிக்கடி புரட்டக்கூடாது. ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு ஒரே ஒரு திருப்பு. பிறகு வெண்ணெய், தட்டிய பூண்டு, தொட்டியிலிருந்து பறித்த ஓமவல்லி இலை. உருகும் வெண்ணெயைக் கரண்டியால் கறி மேலும் கிழங்கு மேலும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கறியிலிருந்து இறங்கும் கொழுப்பும் சாறும் கிழங்குக்குள் போகும். அதுதான் இந்தச் சமையலின் ரகசியமே.

வெண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மசாலா எங்கே?

இந்தச் சமையலில் மசாலா கிடையாது. மறைக்க ஒன்றுமே கிடையாது. சூடான இரும்பில் கறி நேராகச் சிவக்கிற வாசம் — அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டே கிளம்பியது. புகை வேறு. புகைக்காக எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டிருந்தேன். அந்த ஃபேன் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதற்கு நேர் கீழே ஓனர் வீட்டுப் பின்வாசல். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சாயங்காலமானால் அந்த நாற்காலியில் புவனா.

ஊரில் உள்ள மெஷின்களுக்கெல்லாம் பாதுகாப்பு சொல்கிறவள், என் சொந்த அடுப்பில் கோட்டைவிட்டேன்.

புவனா யார் என்று சொல்லவில்லையே. ஓனர் அம்மாவின் ஒரே மகள். மாசமாக இருக்கிறாள். சாப்பிட்ட எதுவும் வயிற்றில் தங்காததால் வளைகாப்புக்கு முன்னாலேயே அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றிக் கூட்டி வருவார்கள், மறுபடி வாந்தி. குழந்தையின் எடை போதவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருக்கிறது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், மெதுவாக நடந்தார்கள். பாத்திரத்தைக்கூட மெதுவாக வைத்தார்கள்.

நான் ஃபேனை அணைக்கக் கை நீட்டியபோதுதான் கதவு தட்டப்பட்டது.

"என்ன கண்ணு, விசேஷமா? வாசம் படியெறங்கி வருது!" ஓனர் அம்மா வாசலில் நின்றார். எப்போதும் போலத்தான் சிரித்தார். எனக்குத்தான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியவில்லை.

"இவருக்குப் பொறந்த நாளுங்கம்மா."

"அப்பிடியா? நல்லா இருக்கட்டும்." சொல்லிவிட்டு நகரவில்லை. முந்தானையை விரலில் சுற்றினார். "ஒண்ணு கேப்பேன், தப்பா நெனச்சுக்காத."

போச்சு, என்று நினைத்தேன். பையனுக்குக் கல்யாணம் என்று சொல்ல இவருக்குப் பையன் இல்லை. வேறு ஏதாவது காரணம் சொல்வார்.

"புவனா பின்னால உக்காந்திருந்தா. இந்த வாசம் வந்துச்சு. படக்குனு நிமிந்து உக்காந்து, 'அம்மா, எனக்கு அது வேணும்'ங்கறா. சோறுன்னு சொன்னாலே எந்திரிச்சு ஓடற புள்ள, கண்ணு! வாயத் தொறந்து ஒண்ணு வேணும்னு கேட்டது இதான் மொதத் தடவ. ஒரு துண்டு குடேன். ஒரே ஒரு துண்டு."

அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். பாதிப் படியில், கைப்பிடியைப் பிடித்தபடி புவனா நின்றிருந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக. "ஸாரிக்கா... வாசம் ஒரு மாதிரி இழுக்குதுக்கா" என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் மாசமாக இருப்பவள் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்புகிறவர் எதிரில் நிற்கும்போது நம்பிக்கை இல்லாதவளும் அந்தக் காதை நினைக்கத்தான் செய்கிறாள்.

மனசுக்குள் நம்பர் ஓட ஆரம்பித்தது. ஒன்று, சொல்லிவிடலாம், வீடு போகும். இரண்டு, சொல்லாமல் கொடுக்கலாம்; பிறகு தெரிந்தால்... வேண்டாம். மூன்று — மூன்றாவது சட்டென்று கிடைத்தது. அதுவும் உண்மையான காரணம்!

"அம்மா, இது முழுசா வெந்த கறி இல்லீங்க. உள்ள செவப்பாத்தான் இருக்கும், அப்படித்தான் பண்றது. மாசமா இருக்கறவங்க இத சாப்பிடவே கூடாதுங்க. டாக்டரக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க."

சொல்லி முடித்ததும் மூச்சு வந்தது. தப்பித்தேன்!

ஓனர் அம்மா தலையை ஆட்டினார். "அதுஞ் சரிதான். பாதி வெந்தது வேணாம்." படியைத் திரும்பிப் பார்த்தார். மகள் முகம் வாடுவதைப் பார்த்தார். திரும்பி என் தோளுக்கு மேலாக எட்டி அடுப்பைப் பார்த்தார்.

"அப்ப கறி வேணாம். உருளக்கெழங்கு மட்டும் குடு, கண்ணு. கெழங்கு வெந்திருக்குதில்ல?"

வெந்திருந்தது. அருமையாக வெந்திருந்தது. கல்லின் ஓரத்தில் பொன்னிறமாக, பளபளவென்று... அத்தனை கொழுப்பையும் குடித்துவிட்டு.

குழம்பாக இருந்தால் பக்கத்தில் ரசம் இருந்திருக்கும். பொரியல் இருந்திருக்கும். தயிராவது இருந்திருக்கும். எதையாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒரே கல்லில் செய்கிற சமையலில் ஒதுங்கி நிற்க எதற்கும் இடமில்லை. கிழங்கும் கறிதான்.

உள்ளேயிருந்து அருள் வந்து என் முதுகுப் பக்கம் நின்றார். காதருகே மெல்ல, "மட்டன்னு சொல்லிட்டுக் குடுத்துடு. ஒரு கெழங்குதான?" என்றார்.

ஒரு கிழங்குதான். யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் என் வேலையில் மன்னிக்கவே முடியாத தப்பு என்று ஒன்று உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் ஒரு கெமிக்கல் டிரம்மை அடுத்த ஆள் கையில் கொடுப்பது. நான் குடிக்கப்போவதில்லை, நான் தொடப்போவதில்லை. தொடப்போகிறவனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு தொடுவதும் தொடாததும் அவன் முடிவு. இதைப் புது ஆட்களுக்கு வகுப்பெடுக்கிறவளே நான்தான். இங்கே சாப்பிடப்போவது அவள். அவளுக்குள் இன்னொன்று. நாளைக்கு வழக்கம்போல வாந்தி எடுத்தால்கூட, அது என் கிழங்கால்தான் என்று நான் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன்.

புவனாவுக்குக் கேட்காதபடி சொன்னேன்.

"அம்மா... அது மாட்டுக்கறிங்க. கெழங்கும் அதே கல்லுல, அதே கொழுப்புலதான் வெந்துச்சுங்க."

அருள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

ஓனர் அம்மா படியைத் திரும்பிப் பார்த்தார். "புவனா, நீ கீழ போயி உக்காரு. அம்மா எடுத்துட்டு வர்றேன்" என்றார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தினார். தாழும் போட்டார்.

"ஏன் சொன்னே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சுட்டு இருந்தே? மூக்கு இருக்குது கண்ணு எனக்கு. நீ சோம்ப அள்ளிக் கொட்டுனா தெரியாமப் போயிருமா? ஞாயித்துக்கெழம ஆனா சன்னல சாத்தறே. மட்டன் வேவற வூட்ல எவளாச்சும் சன்னல சாத்துவாளா? நீ சொல்லல, நா கேக்கல. தெருவுல யாராச்சும் கேட்டா, 'எனக்கென்னங்க தெரியும், அவங்க வூட்டு அடுப்ப நானா எட்டிப் பாத்தேன்'னு சொல்லிட்டுப் போயிருவேன். ரெண்டு பேருக்கும் நல்லா இருந்துச்சு. இப்ப வாயால சொல்லிப்புட்டே. இனிமே கேட்டா நா பொய்தான சொல்லணும்?"

அருள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"சொல்லாம குடுத்திருக்கலாமுங்களாம்மா?" என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "குடுத்திருந்து... அது மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சு... அப்பறம் ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? ஆத்தாகாரியே திங்கக்கூடாதத தின்னக் குடுத்துட்டான்னு என்னத்தான கண்ணு சொல்லுவாங்க? போன வாட்டிக்கே, கூட்டிட்டுப் போயி கோயில் கோயிலா சுத்த வெச்சதாலதான்னு என்னத்தான் சொன்னாங்க."

நான் ஒரு பெரிய முட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. பயம் என்பது மாடியில் மட்டும்தான் குடியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கீழ் வீட்டில் அது எங்களுக்கு முன்னாலிருந்தே குடியிருந்திருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அந்தக் கெழங்கு வெறுங்கெழங்கா செய்ய வருமா? கறி இல்லாம?"

"வருமுங்க."

"அப்ப கீழ வா. எங்க அடுப்புல, எங்க கல்லுல செஞ்சு குடு. எனக்கு அந்தப் பக்குவம் தெரியாது." தாழைத் திறந்தவர், திரும்பாமலே சொன்னார். "குளிச்சிட்டு வா."

கதவு மூடியதும் அருள் வெடித்தார். "எதுக்குக் குளிக்கணும்? நாம என்ன சேத்துலயா உழுந்து கெடக்கறோம்? போகாத. கெழங்கு வேணும்னா அவங்களே வறுத்துக்கட்டும்."

நான் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். என் தொழிற்சாலையிலும் ஒரு பகுதிக்குள் போவதற்கு முன்னால் கை கால் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இதுவும் அப்படி ஒரு நடைமுறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கம் ஒரு சொம்புத் தண்ணீர் வரைக்கும் தாங்கியது. அடுத்த சொம்பில் வலித்தது. வலித்ததை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் குளித்தேன். கீழே பசித்துக்கொண்டிருந்தது அவளுக்கு மட்டும் இல்லையே.

அந்த வீட்டில் குடியேறியதிலிருந்து ஓனர் வீட்டுச் சமையலறைக்குள் நான் போனதில்லை. ஹால் வரைக்கும்தான். அன்றைக்கு ஈரத் தலையோடு உள்ளே நின்றேன். சாமி அலமாரி அடுப்புக்கு நேர் எதிரில். கல்லைக் காயவைத்து, கடலை எண்ணெய் விட்டு, கிழங்கை அடுக்கினேன். பின்வாசலில் இருந்து புவனா எட்டி எட்டிப் பார்த்தாள். வெண்ணெய், பூண்டு. ஓமவல்லியைக் கையோடு கொண்டு போயிருந்தேன். "அது எதுக்கு, சளிக்குப் போடறத?" என்றார் ஓனர் அம்மா. "வாசத்துக்குங்க." "ம்."

வெளியே டிவிஎஸ் வண்டிச் சத்தம்.

ஓனர் அம்மாவின் கணவர். தக்காளி மண்டியிலிருந்து அப்போதுதான் திரும்புகிறார். அதிகம் பேசாத மனிதர். எனக்கு அவரிடம் எப்போதுமே பயம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கால் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு சமையலறை வாசலில் நிழல்.

"என்ன வாசம்?"

கரண்டி என் கையில் நின்றுபோனது. ஓனர் அம்மா ஏதோ வாணலியைத் துலக்குவதுபோலக் குனிந்துகொண்டார். "மாடி வூட்டுப் புள்ள. புவனா கேட்டான்னு கெழங்கு செஞ்சு குடுக்குது."

அவர் என்னைப் பார்த்தார். ஈரத் தலையைப் பார்த்தார். சமையலறைக்குள் நான் நிற்பதைப் பார்த்தார். பிறகு மேலே, கூரையைப் பார்த்தார். அதற்கு மேலே எங்கள் அடுப்பு. அதில் ஆறிக்கொண்டிருக்கும் கல்.

"சரி" என்றார். போய்விட்டார்.

அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தட்டில் வைத்துப் புவனாவிடம் கொடுத்தேன். முதல் கிழங்கை ஊதி ஊதிக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஹாலில் டிவி சத்தம் குறைந்தது. அங்கிருந்தும் யாரோ காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வாசம் இல்லக்கா" என்றாள் புவனா.

இருக்காது, புவனா. எப்படி இருக்கும்?

"மேல இருந்து வந்தது வேற மாதிரி இருந்துச்சுக்கா. இது நல்லாத்தான் இருக்குது. ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது! குடுத்ததத் தின்னுடி!" என்று அதட்டினார் ஓனர் அம்மா. அந்த அதட்டலில் அழுகை இருந்தது.

அவள் தின்றாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நடுவில் நிறுத்தி, கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்தாள். ஓனர் அம்மா வாளியை எடுக்க ஓடினார். வெறும் ஏப்பம். கண்ணைத் திறந்து, "அம்மா, இன்னும் இருக்கா?" என்றாள்.

என் வாழ்க்கையில் எத்தனையோ டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருந்திருக்கிறேன். ஒரு ஏப்பத்துக்காக இப்படி நின்றதில்லை.

உள்ளேயிருந்து புவனாவின் அப்பா வந்தார். மகளின் தட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "உப்பு பத்தல" என்றார். மகள் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்துவிட்டு, திரும்பிப் போனார்.

நான் மேலே வந்தபோது கறி ஆறி, கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. அருள் தொடாமல் காத்திருந்தார். சூடு பண்ணினால் ஸ்டேக் ரப்பர் ஆகிவிடும். ஆனது. மென்றுகொண்டே, "வூட்டக் காலி பண்ணச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பண்ண வேணாம்னு சொன்னாங்களா?"

"அதுவும் இல்ல."

அந்த வாரம் முழுக்க அதுதான் நிலைமை. கேட் சத்தம் கேட்டால் திடுக்கிடுவேன். மோட்டார் போடச் சொல்ல ஓனர் அம்மா கூப்பிட்டால்கூட, 'இதோ வந்துவிட்டது' என்று தோன்றும். கீழேயிருந்து தினமும் வெண்ணெயும் பூண்டும் மணக்கும். புவனாவுக்கு அது மட்டும் தங்குகிறதாம். ஓமவல்லி இலை கேட்டுப் புவனாவே படியேறி வருவாள். வேறு பேச்சில்லை. ஒரு தடவை மட்டும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அன்னிக்கு மேல நீங்க செஞ்சது..." என்று ஆரம்பித்தாள். "இலை போதுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும், நான் கேட்கவில்லை. சொல்லாமல் இருப்பதன் அருமையை நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தது. வாங்க வேண்டாம் என்றேன். "அப்படீன்னா இனிமே எப்பவுமே வேணாமா?" என்றார் அருள். நானும் பைக்கில் ஏறிக்கொண்டேன். பூசை முடிந்து, எப்போதும் போகிற ஊருக்குப் போய், எப்போதும் போலக் கருப்புக் கவரில் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அருள் பைக்கை நிறுத்த, கவரைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேன்.

ஓனர் அம்மா கேட்டிலேயே நின்றிருந்தார். கையில் துடைப்பம். பார்வை நேராகக் கவருக்குப் போனது.

"நில்லு கண்ணு" என்றார்.

நின்றேன். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த எதிர் வீட்டுப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஓனர் அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வேறு வீடு எங்கே கிடைக்கும், அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும், என் ஓமவல்லித் தொட்டியை யார் தூக்குவது... எல்லாம் வரிசையாக வந்து போயின.

திரும்பி வந்தவர் கையில் ஒரு மஞ்சள் துணிப்பை.

"இனிமே இதுல வாங்கிட்டு வா." பையை என் கையில் திணித்தார். எதிர் வீட்டைப் பார்க்காமலே, உதடு மட்டும் அசைய, "கருப்புக் கவர்ல கொண்டாந்தா தெருவுக்கே தெரியுதில்ல?" என்றார். பிறகு சத்தமாக, "வெயில் ஏறுது, போயி சமைக்கற வேலயப் பாரு!" என்றார்.

மாடிக்கு வந்து பையைப் பார்த்தேன். தையல் வெளியே தெரிந்தது. பை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பப்பட்டிருந்தது. அவசரத்தில் அப்படி எடுத்து வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, நேராகத் திருப்பினேன். சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது: புவனாவின் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபத்தின் பெயர். கடைசியில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, ஓனர் அம்மா பெயரும் அவர் கணவர் பெயரும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துத் தாம்பூலப் பை.

அவசரம் இல்லை. யோசித்துத்தான் திருப்பியிருக்கிறார்.

பழையபடி உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்தேன். இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் அப்படியேதான் எடுத்துப் போகிறோம். திரும்பி வரும்போது எங்கள் கறியும் அவர்கள் பெயரும் ஒரே பைக்குள் இருக்கின்றன.

தையல் பிரியாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இப்போது என் பயம்.